ஒன்பது வருடத்துக்கு முந்தைய என் பதிவுக்கு ஒரு திருத்தம்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். பிரான்சிலிருந்து படிக்கும் சொந்தங்கள் காப்பியோடு உட்காரலாம்.

நேற்று காலை ஃபேஸ்புக்கைத் திறந்ததும் ‘நினைவுகள்’ என்று ஒன்று வந்து நின்றது. 2016 நவம்பரில் நான் எழுதிய பதிவு. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த மறுநாள் எழுதியது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வகுப்பறை இல்லாத வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதில் நான் இப்படி எழுதியிருந்தேன்:

“நம் நாட்டில் புழங்கும் ரொக்கம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதம். வளர்ந்த நாடுகள் பலவற்றில் இது பாதிகூட இல்லை. இந்த அதிகப்படி ரொக்கம்தான் கறுப்புப் பணத்தின் கிடங்கு. இது நோய்க்கான அறுவை சிகிச்சை. சில நாள் வலி இருக்கும். பொறுத்துக்கொள்வோம்.”

உங்களில் பலர் அதற்கு விருப்பம் போட்டீர்கள். “சூப்பர் சார்”, “எங்க எகனாமிக்ஸ் சார் சொன்னா சொன்னதுதான்” என்றெல்லாம் எழுதினீர்கள். படித்து மகிழ்ந்தேன். பொய் சொல்வானேன்.

அந்தப் பதிவை நான் நீக்கப் போவதில்லை. ஆனால் அதில் ஒரு தவறு இருக்கிறது. அது புள்ளிவிவரத் தவறில்லை, 12 சதவீதம் என்பது சரியான எண்தான். அந்த எண்ணுக்கு நான் சொன்ன அர்த்தம் தவறு. அந்தத் தவறான அர்த்தத்தை வைத்துக்கொண்டு நான் கொடுத்த ஒரு யோசனையால் நம் பள்ளியில் படித்த ஒருத்திக்கு நஷ்டம் வந்தது. அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேர் போடாதீங்க சார், மத்ததெல்லாம் எழுதுங்க” என்றாள்.

தொண்ணூறுகளில் பிளஸ் டூ பொருளியல் படித்தவர்களுக்கு என் பத்து ரூபாய் நோட்டு வித்தை ஞாபகம் இருக்கும். பண அளவுக் கோட்பாடு நடத்தும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து முதல் பெஞ்சில் கொடுப்பேன். நீ பேனா விற்கிறாய், நான் வாங்கினேன். நீ அவளிடம் பூ வாங்கு. அவள் இவனிடம் கடலை வாங்கட்டும். நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றி என்னிடமே வரும். “இருந்தது பத்து ரூபாய். நடந்த வியாபாரம் நானூறு ரூபாய். எப்படி?” என்று கேட்பேன். அப்புறம் கரும்பலகையில் ஃபிஷரின் சமன்பாடு. எம்.வி = பி.டி. எம் என்றால் பண அளவு, வி என்றால் அது கைமாறும் வேகம், பி விலைவாசி, டி வியாபாரத்தின் அளவு. 1911-இல் இர்விங் ஃபிஷர் எழுதிய புத்தகத்தின் வழியாக உலகம் முழுக்கப் போன சமன்பாடு. அதை விளக்கிவிட்டு, “வி என்பது குறுகிய காலத்தில் மாறாதது என்று எடுத்துக்கொள்கிறோம்” என்று முடிப்பேன்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். “சார், எங்க வீட்டுல காசு நிக்கவே நிக்காது. காலையில வந்தது ராத்திரி இருக்காது. பக்கத்து வீட்டு மேஸ்திரி வீட்டுல பீரோவுலயே கெடக்கும். ரெண்டுக்கும் எப்படி சார் ஒரே வி?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “நல்ல கேள்விம்மா. ஆனா பரீட்சையில மாறாதுன்னே எழுது. மார்க் போயிடும்” என்று உட்கார வைத்தேன்.

அவள் பிளஸ் டூவில் தேறவில்லை. வேறு பாடத்தில்தான் போனது. பொருளியலில் நல்ல மதிப்பெண். அப்புறம் அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டாள்.

2016 நவம்பர் 9, புதன்கிழமை காலை அவள்தான் என் வீட்டு வாசலில் மஞ்சள் பையோடு நின்றாள். முந்தின இரவு 8 மணிக்கு அறிவிப்பு வந்திருந்தது. அன்று வங்கிகள் கிடையாது, ஏடிஎம் கிடையாது. பையில் 48,000 ரூபாய். அதில் 38,000 சீட்டுப் பணம். இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் 2,000, பத்தாம் தேதி குலுக்கல். அந்த மாதத்துக்கு ஒருத்தியைத் தவிர எல்லோரும் கட்டியிருந்தார்கள். மீதி 10,000 அவளுடைய சொந்தச் சேமிப்பு. கிட்டத்தட்ட எல்லாம் 500 ரூபாய் நோட்டு.

“சார், மார்க்கெட்டுல ஒருத்தன் ஐநூறுக்கு நானூறு தரேன்றான். எல்லாம் நூறு ரூபா நோட்டு. மாத்திடலாமா? நாளைக்கு சீட்டு எடுக்கிறவளுக்குக் கொடுக்கணும்.”

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அது சட்டவிரோதம், மேலும் நூற்றுக்கு இருபது நஷ்டம். உன் ஜன்தன் கணக்கில் போடு. உன் பணம் உன் பெயரில் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். சீட்டு எடுப்பவளை ஒரு வாரம் பொறுக்கச் சொல். டீ கொடுத்து அனுப்பினேன். அவள் போனதும் உட்கார்ந்து அந்தப் பதிவை எழுதினேன். அதற்கான உற்சாகமே அந்த உரையாடலில் வந்ததுதான். ஒரு சாதாரண மீன் வியாபாரிகூட வங்கிக்குள் வருகிறாள், பார்த்தீர்களா!

அடுத்து நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆளுக்கு ஒரு வரிசை ஞாபகம் இருக்கும். இளையவர்களுக்காகச் சில எண்களை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நாட்டில் புழக்கத்தில் இருந்த ரொக்கம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். அதில் மதிப்பின்படி 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள். புது 500, 2000 நோட்டுகளின் அளவு வேறாக இருந்ததால் ஏடிஎம் ஒவ்வொன்றையும் திறந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. வாரத்துக்கு 20,000, பிறகு 24,000 எடுக்கலாம் என்று விதி. ஆனால் வங்கியில் நோட்டு இருந்தால்தானே. 2017 ஜனவரி முதல் வாரத்தில் புழக்கத்தில் இருந்த மொத்த ரொக்கம் சுமார் 9 லட்சம் கோடி. அதாவது இரண்டு மாதத்தில் பாதி.

எம் பாதியாகிவிட்டது. பாடப்புத்தகப்படி வி மாறாது. அப்படியானால் வியாபாரமோ விலையோ பாதியாக வேண்டும். நாடு முழுக்க அப்படி ஆகவில்லை. கடன் சொல்லி வாங்கினார்கள், செல்லாத நோட்டையே கொஞ்ச நாள் கைமாற்றினார்கள், அட்டை இருந்தவர்கள் அட்டையைத் தேய்த்தார்கள். நான் தேய்த்தவன். என் ஓய்வூதியம் வங்கியில். மருந்துக் கடை, மளிகை, பெட்ரோல் எல்லாம் அட்டையில் நடந்தது. எனக்கு அந்த ஐம்பது நாளில் ஏற்பட்ட உச்சக்கட்டத் துன்பம், நேரு வீதியில் இளநீர்க்காரரிடம் 2000 ரூபாய் நோட்டை நீட்டி அவர் முகத்தைப் பார்த்ததுதான்.

பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் கதை வேறு. அது எனக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனபோது கூட்டம் குறைவாக இருந்ததைப் பார்த்தேன். “விலை குறைஞ்சிருக்கு, நல்லதுதான்” என்று நினைத்துக்கொண்டு வஞ்சிரம் வாங்கி வந்தேன். எவ்வளவு பெரிய பொருளாதார அறிஞன்!

முழுக் கதையும் எனக்குத் தெரிந்தது 2017 மே மாதம், ஒரு பழைய மாணவனின் கல்யாணப் பந்தியில். அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். காதில் கம்மல் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கும் பெண், கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான் சொன்னபடி 48,000 ரூபாயையும் கணக்கில் போட்டிருக்கிறாள். அதற்கே ஐந்து மணி நேரம் வரிசை, இரண்டு நாள் வியாபாரம் போச்சு. அடுத்த வாரம் எடுக்கப் போனால் ஆளுக்கு 4,000தான் என்றார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் பணமே வரவில்லை. நவம்பர் முடிய அவள் கையில் வந்தது 12,000. நவம்பர் 30-ஆம் தேதி புது விதி: ஜன்தன் கணக்கிலிருந்து மாதம் 10,000தான் எடுக்கலாம். அந்தக் கணக்குகளில் மற்றவர்களின் கறுப்புப் பணம் வந்து விழுவதைத் தடுப்பதற்கான விதி. நோக்கம் புரிகிறது. ஆனால் அந்த விதியின்படி, நான் என் சேமிப்புக் கணக்கில் வாரம் 24,000 எடுக்கலாம், அவள் மாதம் 10,000. “வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்” என்று நான் சொன்ன பணம்.

அந்த மாதக் குலுக்கலில் சீட்டு விழுந்தவளுக்கு வலை வாங்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுத்தாள், இரண்டு வாரம் பொறுத்தாள். அப்புறம் தெருவில் நின்று கேட்க ஆரம்பித்தாள். சீட்டுப் பிடிக்கிறவளுக்கு மூலதனமே பெயர்தான். கம்மலை அடகு வைத்து 11,000 புரட்டினாள். தண்டல்காரரிடம் 20,000 எழுதி, கையில் 17,000 வாங்கினாள். நாளுக்கு 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வங்கியிலிருந்து எடுத்த 12,000-ஐயும் சேர்த்து 40,000 கொடுத்து முடித்தாள். ஆனால் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. “பேங்க்ல போட்டுட்டேன்றா, எடுக்க முடியலன்றா, யாரு கண்டா?” ஜனவரியில் சீட்டு உடைந்தது. கட்டியவர்களுக்கு எல்லாம் திருப்பிக் கொடுத்து முடிக்கும் முன் கம்மல் மூழ்கிவிட்டது.

பாயசம் வரும் நேரத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, கோபமில்லாமல் ஒன்று சொன்னாள். “எம்பையன் ஃபோன்ல உங்க போஸ்ட்டையும் படிச்சேன் சார். அதிகமா இருக்கிற காசுதான் நோயின்னு எழுதியிருந்தீங்க. நம்ம காசு எதுல சார் அதிகம்? காலையில தேங்காய்த்திட்டு ஏலத்துல கொடுக்கிற நோட்டு, போட்டுக்காரரு கையில போயி, ஆளுங்களுக்குப் பங்கு பிரிச்சி, அவன் பொண்டாட்டி சாயங்காலம் எனக்கே சீட்டுப் பணமா கொண்டாந்து தருவா. ஒரே நோட்டு. அதுல அதிகம் எது, கம்மி எது?”

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடைசி பெஞ்சில் எழுந்து கேட்ட அதே கேள்வியைத்தான் இருபது வருடம் கழித்து மறுபடி கேட்டிருக்கிறாள். இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை.

இனி பாடம். பரீட்சை கிடையாது, பயப்பட வேண்டாம்.

நாட்டின் பணத்தை நாட்டின் உற்பத்தியால் வகுத்தால் வரும் எண்தான் நாம் பேசும் விகிதம். அதைத் தலைகீழாகப் போடுங்கள். உற்பத்தியைப் பணத்தால் வகுத்தால் வருவது வி, அதாவது பணம் ஓடும் வேகம். ஆகவே 12 சதவீதம் என்று சொல்வதும், ஒரு ரூபாய் ரொக்கம் வருடத்துக்கு எட்டு ரூபாய்ச் சொச்சம் உற்பத்திக்கு ஈடாகிறது என்று சொல்வதும் ஒன்றுதான். இன்னும் எளிமையாக: நோட்டு சராசரியாக ஒரு கையில் 44 நாள் தங்குகிறது. இது முரட்டுக் கணக்கு. ஜி.டி.பி. இறுதிப் பொருள்களை மட்டும் எண்ணும், எல்லா வியாபாரமும் ரொக்கத்தில் நடப்பதில்லை. ஆனாலும் அந்த விகிதம் எதைக் காட்டுகிறது என்று புரிய இது போதும். மக்கள் பணத்தை எவ்வளவு நேரம் கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. கறுப்புப் பணமாக இருக்கலாம். வங்கி தூரமாக இருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு எப்போது வருமோ என்ற பயமாக இருக்கலாம். புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் வைத்ததாக இருக்கலாம்.

நான் ‘வளர்ந்த நாடுகள்’ என்று எழுதினேனே, அதையும் பாருங்கள். ஜப்பானில் ரொக்கம் அப்போதே ஜி.டி.பி.யில் சுமார் 20 சதவீதம். சுவிட்சர்லாந்தில் நம்மைப் போலவே பத்துக்கு மேல். நைஜீரியாவில் சுமார் 2 சதவீதம்தான். ஸ்வீடனில் அதற்கும் கீழே. விகிதம்தான் ஊழலின் அளவுகோல் என்றால் ஜப்பான்காரர்கள் நைஜீரியாவிடம் நேர்மை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த எண்கள் எல்லாம் அன்றைக்கே தேடினால் கிடைத்திருக்கும். எனக்கு வேண்டிய நாடுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். விடைத்தாளில் நீங்கள் இப்படிச் செய்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

கறுப்புப் பணம் நோட்டாகவே உட்கார்ந்திருந்தால் அது திரும்பி வந்திருக்கக் கூடாது. 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தன் ஆண்டறிக்கையில் கணக்குச் சொன்னது. செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது. 99.3 சதவீதம். பதுக்கல் நோட்டில் இல்லை, அல்லது இருந்ததும் வழி கண்டுபிடித்து உள்ளே வந்துவிட்டது. பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வரிக் கணக்கு தாக்கல் செய்பவர்கள் கூடினார்கள், வங்கிக்குள் வைப்பு பெருகியது. அதன் லாப நஷ்டத்தை அளக்க என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பேசுவது என் பதிவைப் பற்றி மட்டும்.

அதில் இருந்த பெரிய பிழை சராசரியை நம்பியது. 44 நாள் என்பது சராசரி. என் பீரோவில் இருந்த 1000 ரூபாய் நோட்டுகள் ஆறு மாதம் அசையாமல் கிடந்தவை. அவள் கூடையில் இருந்த நோட்டு ஒரே நாளில் நான்கு கை மாறும். அந்த இரண்டையும் கூட்டி வகுத்துத்தான் 12 வருகிறது. நோட்டைச் செல்லாததாக்கும்போது எது தூங்கும் நோட்டு, எது ஓடும் நோட்டு என்று சட்டம் பார்க்காது, பார்க்கவும் முடியாது. தூங்கிய நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஒரு நாள் வரிசையில் நின்று கட்டினேன், வட்டிகூட வந்தது. ஓடிய நோட்டு நின்றபோது அதோடு சேர்ந்து ஐஸ் கட்டி, கூடை, வலை, கம்மல் எல்லாம் நின்றன.

1978 ஜனவரியிலும் 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாததாக்கினார்கள். மாணவனாக இருந்த எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு நோட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அன்று அது மொத்தப் பணத்தில் மிகச் சிறிய பங்கு. 2016-இல் 86 சதவீதம். ஒரே பெயர், வேறு வைத்தியம். இதையும் நான் அப்போது யோசிக்கவில்லை.

நம் ஊர்க்காரனுக்கு இது புரியாமல் போனதுதான் எனக்கே வெட்கம். பணம் வற்றினால் என்ன ஆகும் என்பதைப் பாண்டிச்சேரி போல அறிந்த ஊர் குறைவு. 1736-இல் கவர்னர் துய்மா ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியிடம் ரூபாய் அடிக்கும் உரிமை வாங்கினார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே வருடம்தான். நாணயச்சாலை இருந்தால் போதுமா, வெள்ளி வேண்டாமா? அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வந்தால் வெள்ளி ரூபாயாகும், ரூபாய் துணி வியாபாரிக்கு முன்பணமாகும், வியாபாரி நெசவாளிக்குக் கொடுப்பார், தறி ஓடும். சண்டைக் காலத்தில் கப்பல் வராது. அதே நெசவாளி, அதே தறி, அதே கை. பணம் வராததால் வேலை நிற்கும். அவர்கள் சோம்பேறிகளாகவோ திருடர்களாகவோ ஆனதால் அல்ல.

அப்புறம் இந்தோசீனா வங்கியின் நோட்டுக் காலம். 1875-இல் பாரிஸில் தொடங்கிய அந்த வங்கி சைகோனுக்கும் பாண்டிச்சேரிக்கும்தான் முதலில் வந்தது. இன்று யூகோ வங்கி இருக்கும் பழைய கட்டடம் அதனுடையது. பிரெஞ்சு இந்தியாவின் ரூபாய் நோட்டை அதுதான் அச்சிட்டது. எங்கள் தாத்தா 5 ரூபாய் நோட்டு ஒன்றைக் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது, நோட்டும் மாறியது. ஏன் தாத்தா மாற்றாமல் விட்டீர்கள் என்று கேட்டால், “ஒண்ணு இருக்கட்டும்டா, இவங்க போயிட்டா?” என்பார். எந்த ‘இவங்க’ என்று அவர் சொன்னதில்லை. அந்த நோட்டின் வி எழுபது வருடமாகப் பூஜ்யம். இப்போது என் தங்கையிடம் பாரிஸில் இருக்கிறது.

சரி, விகிதம் அப்புறம் என்ன ஆனது? 2017 மார்ச்சில் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அறுவை சிகிச்சை வெற்றி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் உடனே ஏற ஆரம்பித்து மூன்றே வருடத்தில் பழைய 12-க்கு வந்துவிட்டது. கொரோனா ஊரடங்கில் 14-ஐத் தாண்டியது. உற்பத்தி சுருங்கியது, மக்கள் பயந்து ரொக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். நானும் 30,000 எடுத்துப் பீரோவில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் இன்றும் ஒழுங்கான பதில் இல்லை. நோயாளியிடம் பணம் கேட்டால் ஜிபே செய்ய முடியுமா என்ற பயம், அவ்வளவுதான். பிறகு மெதுவாக இறங்கி 2024 மார்ச்சில் மறுபடி 12 பக்கத்தில் நின்றது. இதற்கிடையில் யுபிஐ மாதம் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டிவிட்டது. கீரைக்காரம்மாவிடம் க்யூஆர் அட்டை இருக்கிறது. இருந்தும் ரொக்கத்தின் பங்கு பழைய இடத்தில். கொடுக்கல் வாங்கலுக்கு ஃபோன் வந்துவிட்டது, பயத்துக்கு இன்னும் நோட்டுதான்.

பாரிஸிலிருந்து தங்கை மகன் போன வாரம் கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். “மாமா, ஒரு இடத்தில் 12 சதவீதம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் இந்தியாவின் பண அளிப்பு 80 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். எது சரி?” இரண்டும் சரி. 12 என்பது நோட்டும் காசும் மட்டும். வங்கிகளில் மக்கள் போட்டிருக்கும் சேமிப்பு, நிரந்தர வைப்பு எல்லாவற்றையும் கூட்டினால் அது எம்3, அதுதான் 80 சொச்சம். சுதந்திரம் வந்த புதிதில் அது கால் பங்குகூட இல்லை. 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய பிறகு கிராமம் கிராமமாகக் கிளை திறந்தார்கள், பானையில் இருந்தது பாஸ்புக்குக்கு வந்தது, விகிதம் ஏறியது. அந்த ஏற்றம் யாரும் ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்து வந்ததில்லை. கிளை மேலாளர் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் நம்பிக்கை சம்பாதித்து வந்தது. சீனாவில் இதே விகிதம் 200 சதவீதத்துக்கு மேல். அது நல்லதா கெட்டதா என்று கேட்காதே அப்பா. ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்ன அனுபவம் மாமாவுக்குப் போதும்.

மே மாதக் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கவரில் 10,000 ரூபாய் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்கவில்லை. “மீன் வாங்குங்க சார், போதும்” என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் அவளிடம்தான். இந்தத் திருத்தத்தை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எட்டு வருடம் தள்ளிப் போட்டேன். காரணம் வேறொன்றுமில்லை, நீங்கள் எல்லாம் “சூப்பர் சார்” என்று எழுதியிருந்தீர்கள்.

போன ஞாயிறு சங்கரா வாங்கப் போனேன். கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. இரண்டு வருடமாகக் காதில் கம்மல் இருக்கிறது. மறுபடி சீட்டு ஆரம்பிக்கப் போகிறாளாம், தை மாதத்திலிருந்து. இருபது பேர், ஆளுக்கு 5,000. பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“என்னையும் சேத்துக்கம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடைசி வரியில் ‘எகனாமிக்ஸ் சார்’ என்று எழுதினாள். நான் ஃபோனை எடுத்தேன்.

“ஜிபே வேணாம் சார். மீனுக்கு வாங்குவேன், சீட்டுக்கு வாங்க மாட்டேன். அது வந்தா எம்பையனுக்கு ஃபோன்ல டிங்குன்னு சத்தம் வரும். சீட்டுக் காசு கையில கொடுத்துடுங்க. ஐநூறா இருந்தா நல்லது.”

நாளைக்கு ஏடிஎம் போக வேண்டும்.